பட்டாளத்துத் தாத்தாவின் சட்டைக் கழுத்து என்ன நிறம்?

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பட்டாளத்துக்குப் போன ஒரு தாத்தாவின் படம் சுவரில் தொங்குவதுண்டு. அவர் எந்தப் பட்டாளத்தில் இருந்தார் என்று கேட்டால் பேரப்பிள்ளைகளிடம் பதில் இருக்காது. இந்த எல்லைப் பகுதியில் அது எளிய கேள்வியும் அல்ல. விடுதலைக்கு முன் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூரைக் கொச்சி மன்னர் ஆண்டார். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் பகுதிகள். படத்தில் நிற்பவர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துச் சிப்பாயாக இருக்கலாம், சமஸ்தானப் படைவீரராக இருக்கலாம், மலப்புறத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.எஸ்.பி. (மலபார் ஸ்பெஷல் போலீஸ்) காவல்படைக்காரராகவும் இருக்கலாம். காக்கிச் சட்டை மட்டும் இவர்களைப் பிரித்துக் காட்டாது.

பழைய படத்தை ஆராய்பவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் ஏமாறுகிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது உண்மையில் கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. படம் பதியும் கண்ணாடித் தட்டில் பூசப்படும் வெள்ளி உப்புகள் இயல்பாகவே நீலம், ஊதா, புற ஊதா ஒளிகளுக்கு மட்டுமே மசியும். பச்சையும் சிவப்பும் அவற்றின் கண்ணில் படாது. 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், உப்புடன் சில சாயங்களைச் சேர்த்தால் பச்சை ஒளியும் பதியும் என்று கண்டறிந்தார். அப்படி உருவான ஆர்த்தோகுரோமாட்டிக் தட்டுக்கும் சிவப்பு தெரியாது. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் தட்டுகள் 1906 வாக்கில் விற்பனைக்கு வந்த பிறகும், ஸ்டூடியோக்கள் பழையதை உடனே கைவிடவில்லை. காரணம் நடைமுறை சார்ந்தது. சிவப்பை உணராத தட்டை இருட்டறையில் சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே கழுவலாம். பான்குரோமாட்டிக் என்றால் ஏறக்குறைய முழு இருளில் தடவித்தான் வேலை செய்ய வேண்டும்.

இதன் விளைவைச் சீருடையில் பாருங்கள். இரத்தச் சிவப்புக் கழுத்துப்பட்டை கரிபோல் பதியும். வான நீலம் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். மஞ்சள் எதிர்பார்த்ததைவிட இருண்டுபோகும். ஆகவே தாத்தாவின் கழுத்துப்பட்டை கறுப்பு என்று முடிவுகட்டிவிட்டு ரெஜிமெண்ட்டைத் தேடினால், இல்லாத ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருப்போம். கையால் வண்ணம் தீட்டிய படம் இன்னும் ஆபத்தானது; தீட்டியவர் சீருடையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பதக்க நாடாக்களை இந்த அறிவோடு படித்தால் அவை பேசத் தொடங்கும். இரண்டாம் உலகப் போரின் 1939–45 நட்சத்திரப் பதக்கத்தின் நாடாவில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று சம அகலப் பட்டைகள் உண்டு. ஆர்த்தோ தட்டில் நடுப்பட்டை மிக இருண்டும் வெளிர்நீலம் மிக வெளுத்தும் விழும். பான்குரோமாட்டிக்கில் கருநீலமும் சிவப்பும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகத் தெரியலாம். பர்மா நட்சத்திரத்தின் நாடாவில் கருநீலத்தின் நடுவே அகலமான சிவப்புப் பட்டையும், இருபுறமும் மெல்லிய ஆரஞ்சுக் கோடுகளும் இருக்கும். ஆர்த்தோ படத்தில் அந்த ஆரஞ்சுக் கோடுகள் மங்கி மறைந்துபோகக்கூடும். கோடு தெரியவில்லை என்பதற்காகப் பர்மாவை ஒதுக்கிவிடக் கூடாது.

அதே 1939–45 நாடா இன்னொரு சோதனைக்கும் உதவும். பதக்கங்கள் அணிபவரின் இடது மார்பில் இருக்க வேண்டும். அந்த நாடாவின் கருநீலப் பட்டை இடது தோளிலிருந்து தள்ளி, மார்பின் நடுப்பக்கம் வர வேண்டும். மாறியிருந்தால் படம் இடவலமாகத் திரும்பி அச்சாகியிருக்கலாம். சட்டையின் பொத்தான் பக்கமும் மாறியிருக்கிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

நிறத்தைவிட உலோகமும் வடிவமும் நம்பத் தகுந்தவை. திருவிதாங்கூர்ப் படையின் அடையாளம் சங்கு. தொப்பியில் சங்கு தெரிந்தால் முதலில் அந்தப் படையைத்தான் நினைக்க வேண்டும். அந்தப் படையின் ஒரு பிரிவுதான் பின்னாளில் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் 9ஆம் பட்டாலியன் ஆனது. தலையில் விளிம்பில்லாத உயரமான கட்டு இருந்தால், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியியல் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்களைப் பற்றி யோசியுங்கள். ‘தம்பிகள்’ என்று ராணுவமே அன்போடு அழைத்த பிரிவு அது. தோளில் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. (ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ்) என்ற பித்தளை எழுத்துகள் இருந்தால், படம் 1935க்கு முந்தியதல்ல, ஏனெனில் அந்தச் சேவைப் பிரிவுக்கு முதல் எழுத்தான ‘ராயல்’ பட்டம் கிடைத்தது அந்த ஆண்டில்தான். பிரிட்டிஷ் கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கங்கள் இருந்தால், படம் 1950 ஜனவரி 26க்குப் பிந்தியது. ஒவ்வொரு பொருளும் இப்படி ஒரு கால வரம்பைத் தருகிறது. படத்தில் ஆகப் பிந்தைய பொருள் எதுவோ, அதற்கு முன் படம் எடுத்திருக்க முடியாது.

எழுத்து மங்கியிருந்தால் படத்தை வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பேறிய அச்சு நீல ஒளியை உறிஞ்சுவதால், ஸ்கேனின் நீல அலைவரிசையை மட்டும் தனியாகப் பார்த்தால் வெளுத்த எழுத்துக்கோடுகள் எழுந்து வரும். தானாகவே தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் கைபேசிச் செயலிகளை மட்டும் இதற்கு நாட வேண்டாம். அவை பித்தளை எழுத்தைப் படிப்பதில்லை, யூகித்து வரைகின்றன. இப்படிப் புனையப்பட்ட எழுத்தை நம்பிப் படையின் பெயரை எழுதி வைப்பது தாத்தாவுக்குச் செய்யும் அநீதி.

பதக்கமே வீட்டில் இருந்தால் படத்தைவிட அது பெரிய சாட்சி. முதல் உலகப் போரின் வட்டப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரங்களைப் பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியர்களுக்கு வழங்கப்பட்டவற்றின் பின்புறத்தில் விவரம் பொறிக்கப்பட்டது. எண்ணெய் போட்டுத் தேய்க்காமல், சாய்வாக விழும் வெளிச்சத்தில் பிடித்து, சேவை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.