‘கரண்ட்’ சிகிச்சைக்குப் பயந்து நாட்களை இழக்காதீர்கள்

மின்வலிப்புச் சிகிச்சை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உறவினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "கரண்ட் வைக்கப் போகிறீர்களா டொக்டர்?" என்பதுதான் அடுத்த கேள்வி. கடுமையான மனநோய்க்கு, தலையில் சில நொடிகள் மின்சாரம் செலுத்தி மூளையில் வலிப்பை உண்டாக்கும் சிகிச்சை இது. திருகோணமலை நகரவாசிகளானாலும், மூதூர், கிண்ணியா, குச்சவெளியிலிருந்து வருபவர்களானாலும் அந்தக் கேள்வியில் இருக்கும் பயம் ஒன்றுதான்.

அந்தப் பயம் காரணமின்றி வந்ததல்ல. 1938இல் ரோம் நகரில் உகோ செர்லெட்டியும் லூச்சியோ பினியும் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது மயக்க மருந்து கொடுக்கும் வழக்கம் இருக்கவில்லை. வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்தவர்களும் உண்டு. சினிமா இன்றுவரை காட்டிக்கொண்டிருப்பது அந்தக் காலத்தைத்தான். எங்கள் பகுதியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. போர்க்காலத்தில் தடுத்து வைக்கப்பட்ட சிலருக்கு, உடம்பில் மின்சாரம் என்ற பேச்சே வேறு அறைகளை நினைவூட்டிவிடும். அவர்களிடம் கையொப்பம் வாங்க அவசரப்படக் கூடாது. வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்பதைப் பொறுமையாகக் கேட்ட பிறகே படிவத்தை எடுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இன்று அந்த அறையில் நடப்பதைச் சொல்கிறேன். முதலில் நோயாளியின் ஒரு கணுக்காலுக்கு மேல், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைச் சுற்றிவைப்போம். நாளத்தில் மயக்க மருந்து ஏறியதும் சில நொடிகளில் அவர் உறங்கிவிடுவார். பட்டியைக் காற்றடைத்து இறுக்கிய பிறகு, தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்கப்படும். இறுக்கிய பட்டிக்குக் கீழே அந்த மருந்து போகாது. முகமூடி வழியாக ஒட்சிசன், பற்களைக் காக்க வாயில் ஒரு இறப்பர் கட்டை. மின்சாரம் சில நொடிகள்தான். அதனால் மூளையில் எழும் வலிப்பு பெரும்பாலும் 20 முதல் 60 நொடி வரை நீடிக்கும். உடல் ஏறக்குறைய அசையாமல் கிடக்க, பட்டி கட்டிய பாதத்தின் விரல்கள் மட்டும் துடிக்கும். அதைப் பார்த்தே நேரத்தை எண்ணுகிறோம். குணம் தருவது மின்சாரமல்ல, அந்த வலிப்பு. இப்படி வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, மொத்தம் 6 முதல் 12 தடவை வரை செய்வது வழக்கம்.

யாருக்கு இது தேவைப்படும்? நிலாவெளிப் பக்கத்து முதியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இது ஒருவருடைய கதையல்ல, பலரிடம் கண்டதைச் சேர்த்துச் சொல்கிறேன். "என் குடல் அழுகிவிட்டது, சாப்பாடு எங்கே போகும்?" என்று அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுகிறார். குடும்பம் நேர்த்தி வைக்கிறது, நூல் கட்டுகிறது, சேலைன் ஏற்றுகிறது. எங்களிடம் வரும்போது கன்னம் ஒட்டி, நாக்கு உலர்ந்துபோயிருக்கிறது. இது கடுமையான மனச்சோர்வு. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். உண்ணாமல் கிடக்கும் முதிய உடல் அதுவரை தாங்காது. ஆகவே இவருக்கு மின்வலிப்புச் சிகிச்சையை முதலிலேயே தொடங்க வேண்டும். எல்லா மருந்தும் தோற்ற பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் ஆபத்து. நான்கு தடவை முடிந்த நிலையில், "இன்றைக்குக் கறிக்கு என்ன மீன்?" என்று மனைவியைக் கேட்கிறார். எல்லோருக்கும் இவ்வளவு விரைவில் பலன் கிடைப்பதில்லை, சிலருக்குக் கிடைக்காமலும் போகலாம். தற்கொலை எண்ணம் விடாமல் துரத்துபவர்கள், பேச்சும் அசைவும் நின்று சிலைபோல் ஆகிவிட்டவர்கள், பிரசவத்துக்குப் பின் கடுமையாக மனம் பேதலித்த தாய்மார் ஆகியோருக்கும் இது உயிர்காக்கும் சிகிச்சை.

சுனாமியிலும் போரிலும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் துக்கத்துக்கு இது மருந்தல்ல. துக்கம் நோயுமல்ல.

ஞாபகமறதி பற்றி மறைக்காமல் பேச வேண்டும். விழித்தவுடன் சிறிது நேரம் தடுமாற்றமும், பலருக்குத் தலைவலியும் இருக்கும். சிகிச்சை நடக்கும் வாரங்களில் நடந்தவை மங்கிப்போகும். பெரும்பாலும் புதியதை நினைவில் வைக்கும் திறன் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களின் சில நினைவுகள் சிலருக்குத் திரும்புவதே இல்லை. மகளின் பூப்பு நீராட்டு விழாவை மறந்துவிட்ட தாயிடம் "அது ஒன்றும் பெரிதல்ல" என்று சொல்லும் உரிமை எந்த வைத்தியருக்கும் கிடையாது. தலையின் ஒரு பக்கம் மட்டும் மின்முனை வைத்தால் மறதி குறையும். அது பொருந்துமா என்று தயங்காமல் கேளுங்கள். உயிராபத்து மிக அரிது: இலட்சம் சிகிச்சைகளுக்கு ஏறத்தாழ இரண்டு மரணங்கள்.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். சிகிச்சைக்கு முன் ஆறு மணி நேரம் உணவு கூடாது, பால் தேநீரும் கூடாது. "பாவம், வாய் உலர்ந்திருக்கிறது" என்று பாசத்தில் கொடுக்கும் நான்கு மிடறு, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடலாம். கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறொரு நாளில் செய்யலாம். சிகிச்சை நடக்கும் வாரங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் படகெடுத்துக் கடலுக்குப் போவதும் வேண்டாம்.

ஆள் தேறியதும் கிளினிக் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். மருந்தைத் தொடராவிட்டால் பலருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பிவிடுகிறது. வெருகலிலிருந்து வந்துபோவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் நடக்கும் கிளினிக்குக்கு மாற்றித் தர முடியுமா என்று, வீட்டுக்குப் போகும் துண்டு எழுதும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.