ஆட்டோகிராஸ்: ஆட்டோவும் இல்லை, குறுக்கும் இல்லை

"ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸ் போகிறேன்" என்று வீட்டில் முதல் தடவை சொன்னபோது, "ஆட்டோ எதற்கு? அதுதான் கார் இருக்கிறதே" என்று பதில் வந்தது. சொன்னவர் மேல் தப்பில்லை. தமிழில் ஆட்டோ என்றால் மூன்று சக்கரம், கிராஸ் என்றால் ரோட்டைக் கடப்பது. இரண்டையும் ஒட்டினால் வேறென்ன தோன்றும்?

ஆட்டோகிராஸ் என்பது கார் கிளப்புகள் நடத்தும் ஒரு விளையாட்டு. காலியான பெரிய தார்த்தளம் ஒன்றில், அது பார்க்கிங் திடலாகவோ பழைய விமான ஓடுபாதையாகவோ இருக்கலாம், சாலைகளில் தடுப்புக்கு வைக்கும் கூம்புகளை நட்டு வளைவும் நெளிவுமாக ஒரு தடம் போடுவார்கள். அதில் ஒவ்வொரு காராக விடுவார்கள். பக்கத்தில் முட்டி மோதி முந்துவதற்கு யாரும் கிடையாது, போட்டி கடிகாரத்தோடு மட்டும்தான். ஒரு சுற்று பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். இரண்டாவது கியருக்கு மேல் போக வேண்டிய தேவை அதிகம் வராது. சில சுற்றுகள் கிடைக்கும், அவற்றில் சிறந்த நேரம் கணக்கில் ஏறும். அன்றாடம் ஓட்டும் காரே போதும். தரைவிரிப்பு, தண்ணீர் பாட்டில், டிக்கியில் உருளும் சாமான் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஓட்டாத நேரத்தில் சும்மா வேடிக்கை பார்க்க முடியாது. வெயிலில் நின்று, மற்றவர்கள் தட்டிவிட்ட கூம்புகளை ஓடிப்போய் நிமிர்த்தி வைப்பதும் உங்கள் வேலை.

இனி சொல்லுக்கு வருவோம். முதல் பாதியான 'ஆட்டோ' ஆட்டோமொபைல் என்பதன் சுருக்கம். 'தானே' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும், 'நகரக்கூடிய' என்று பொருள்படும் இலத்தீன் வேர்ச் சொல்லும் சேர்ந்து பிரெஞ்சு வழியாக வந்தது ஆட்டோமொபைல். குதிரை இழுக்காமல் தானே நகர்வது என்பதுதான் அன்றைய வியப்பு.

இரண்டாம் பாதிதான் சுவாரசியம். இந்த 'கிராஸ்' சிலுவையும் அல்ல, குறுக்குக்கோடும் அல்ல. சாலையை விட்டு விலகி வயல், மேடு, பள்ளம் பார்க்காமல் ஊடே போவதைக் குறிக்கும் 'கிராஸ் கன்ட்ரி'யின் வால் அது. 1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் மோட்டார் சைக்கிள்களை இப்படிக் காடுமேட்டில் விரட்டி ஒரு போட்டி நடத்தினார்கள். அவர்கள் வைத்த பெயர் 'ஸ்கிராம்பிள்'. பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் வழியாக மோட்டோகிராஸ் என்ற பெயர் நிலைத்தது. அதே அச்சில் வார்த்த சொல்தான் ஆட்டோகிராஸ். 1967இல் இங்கிலாந்தின் லிடன் ஹில்லில் தொலைக்காட்சிக்காகத் தொடங்கிய ரேலிகிராஸ் என்ற கார் பந்தயமும் இதே குடும்பம்.

ஆக, சொல்லின்படி பார்த்தால் ஆட்டோகிராஸில் மண்ணும் புல்லும் இருக்க வேண்டும். பிரிட்டனில் இன்றும் அப்படித்தான், அங்கே ஆட்டோகிராஸ் என்றால் புல்வெளியிலும் மண்ணிலும் ஓட்டுவது. அமெரிக்காவுக்குப் போன சொல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தாரில் ஏறிவிட்டது. அந்தத் தார்த்தள ஆட்டத்துக்கு நெருக்கமானதை பிரிட்டிஷ்காரர்கள் ஆட்டோசோலோ என்கிறார்கள். அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. என்ற கார் கிளப் அமைப்போ தன் போட்டிக்கு 'சோலோ' என்றே பெயர் வைத்திருக்கிறது. இலத்தீன் வழி இத்தாலியச் சொல், 'தனியாக' என்று பொருள். நடப்பதை உள்ளபடி சொல்வது இந்தப் பெயர்தான், ஆனாலும் மக்கள் வாயில் ஆட்டோகிராஸ்தான் நிற்கிறது.

இடையில் நம் பக்கத்து உறவு ஒன்று. இதே மாதிரி ஆட்டத்துக்கு ஜப்பானில் ஜிம்கானா என்று பெயர், ஆஸ்திரேலியாவில் மோட்டார்கானா. அந்த 'கானா' பாரசீகத்தில் வீடு, இடம் என்று பொருள்படும் சொல், தொழிற்சாலையைக் குறிக்கும் 'கார்கானா'வில் வருவதும் அதுதான். பந்து வீடு என்ற பொருளுள்ள 'கேந்த்கானா'வை ஆங்கிலேயர்கள் ஜிம்னாஸ்டிக்ஸோடு குழப்பி ஜிம்கானா ஆக்கினார்கள் என்பது அகராதிகள் தரும் விளக்கம். பந்து விளையாடிய இடம் குதிரை விளையாட்டுக்குப் பெயராகி, குதிரை இறங்கிய இடத்தில் கார் ஏறிக்கொண்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேருக்கு வேர் மாற்றினால் 'தானியங்கிக் குறுக்கோட்டம்' என்று வரும். ஓட்டுநரே இல்லாத கார் எதற்கோ குறுக்கே பாய்வதுபோல் இருக்கிறது. தானியங்கி என்பது இன்று தமிழில் வேறு பொருளுக்குக் குடிபோய்விட்ட சொல். 'கார் பந்தயம்' என்றால் எல்லோருக்கும் புரியும், ஆனால் தவறாகப் புரியும். பந்தயம் என்பதன் அடிப்படைப் பொருள் பணயம் வைப்பது. இன்று அதைக் கேட்டதும் பத்துக் கார்கள் ஒன்றையொன்று முந்தும் காட்சிதான் கண்ணில் வரும். இந்த ஆட்டத்தில் இரண்டும் இல்லை. 'மகிழுந்து' சேர்த்தும் பார்த்தேன். மூன்று கூம்பைச் சாய்த்துவிட்டுத் திரும்பும்போது அந்த 'மகிழ்' கொஞ்சம் உறுத்துகிறது.

சொல்லை விட்டுவிட்டு, திடலில் இருப்பதைப் பார்த்துப் பெயர் வைப்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே இருப்பது கூம்பு. கூம்புதல் என்றால் குவிதல், மலர்தலுக்கு எதிர்ச்சொல். பழந்தமிழில் பாய்மரத்துக்கும் கூம்பு என்று பெயர் உண்டு. மேலே குவிந்து நிமிர்ந்து நிற்பதெல்லாம் கூம்பு. அடுத்தது தடம். ஓட்டத் தொடங்கும் முன் எல்லோரும் அந்தப் பாதையை ஒரு முறையாவது, பலர் மூன்று நான்கு முறை, நடந்து பார்ப்பார்கள். எங்கே பிரேக், எந்தக் கூம்பை உரசிப் போகலாம் என்று மனப்பாடம் செய்துகொண்டே நடப்பார்கள். முதலில் கால்தடம், அப்புறம்தான் டயர்த்தடம். எனவே என் வாக்கு 'கூம்புத்தடப் போட்டி'க்கு. பிரிட்டிஷ் வகைக்கு 'மண்தடப் போட்டி' என்றால் குழப்பம் தீர்ந்தது.

'கூம்புத்தட ஓட்டம்' வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். ஓடுவது ஓட்டம், ஓட்டுவது வேறு. மனிதர்கள் ஓடுவதாகத்தான் படும். கூம்பு எடுக்க ஓடுகிறவர்களுக்கு வேண்டுமானால் அந்தப் பெயரைக் கொடுக்கலாம்.

தடம் என்று வைத்துக்கொண்டால் துணைச்சொற்கள் தாமாக வருகின்றன. வரிசையான கூம்புகளுக்கிடையே இடமும் வலமுமாகப் போகும் 'ஸ்லாலம்', சரிவையும் தடத்தையும் குறிக்கும் நார்வேச் சொற்களின் கூட்டு. தமிழில் நெளிதடம் போதும். ஒவ்வொரு கூம்பின் அடிக்கட்டையைச் சுற்றியும் தரையில் சாக்பீஸில் ஒரு கட்டம் வரைந்திருப்பார்கள். கார் உரசியும் கூம்பு நிமிர்ந்து நின்று, அடியில் கொஞ்சமாவது கட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் தப்பித்தீர்கள். சாய்ந்தாலோ, முழுதாகக் கட்டத்தை விட்டு நகர்ந்தாலோ எஸ்.சி.சி.ஏ. விதிப்படி இரண்டு வினாடி ஏறும். இதைக் 'கூம்புத் தண்டம்' எனலாம். இரண்டு கூம்புகளுக்கு நடுவே உள்ள வாயிலைத் தவறவிட்டால் அந்தச் சுற்று செல்லாது. அதற்குச் சொல் தேடவே வேண்டாம், தடம் தவறுதல்.

என் முதல் சுற்று 44 வினாடியில் முடிந்தது. அன்றைக்கு வந்த புதியவர்களில் நான்தான் முதல் என்று நினைத்துக்கொண்டு காரை நிறுத்தினேன். ஜன்னல் பக்கம் குனிந்தவர், நான் பார்க்கவே இல்லாத ஒரு வாயிலைக் கை நீட்டிக் காட்டினார்.