வெள்ளமும் தொற்றும் சேர்ந்து வரும்போது: முகாமுக்கு வராத குடும்பங்களின் உணவு உரிமை

2020 மார்ச் 14 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம், மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி வழங்குவதற்காக, கொரோனாத் தொற்றைப் பேரிடராகக் கருத முடிவு செய்தது. அதே ஆண்டு பருவமழையில் அசாம், பிகார், கேரளம் ஆகிய மாநிலங்களை வெள்ளம் சூழ்ந்தது. வெள்ள நிவாரணம் மக்களை ஒரே கூரையின்கீழ்ச் சேர்க்க, தொற்றுத் தடுப்பு அவர்களை விலகியிருக்கச் சொன்னது. தொற்றுக்கு அஞ்சி உறவினர் வீட்டிலோ மொட்டை மாடியிலோ தங்கிவிட்ட குடும்பத்துக்கு அரசு உணவளிக்கக் கடமைப்பட்டுள்ளதா என்ற கேள்வி அதனால்தான் முக்கியமாகிறது.

முகாமைப் பொறுத்தவரை விதி தெளிவானது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 12ஆம் பிரிவு, நிவாரண முகாம்களில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரங்களைப் பரிந்துரைக்கும் பொறுப்பைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திடம் அளிக்கிறது. அதன்படி வெளியான வழிகாட்டுதல்கள் ஆண், பெண் இருபாலருக்கும் நாளொன்றுக்கு 2,400 கிலோ கலோரி, குழந்தைகளுக்கு 1,700 கிலோ கலோரி உணவு வழங்க வேண்டும் என்கின்றன. மாநிலங்கள் தமக்கெனத் தரங்களை வகுத்துக்கொள்ளலாம். ஆனால் 19ஆம் பிரிவின்படி அவை தேசியத் தரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. முகாமில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம் என்று அதே வழிகாட்டுதல்கள் சொல்லும் அளவு தொற்றுக் காலத்துக்குப் போதாது என்பது வெளிப்படை.

முகாமுக்கு வெளியே இருப்போருக்கு வேறு வழி உண்டு. அது பலருக்கும் தெரிவதில்லை. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, முகாமில் தங்காத குடும்பங்களுக்கு நிவாரண நிதியிலிருந்து உதவித்தொகை வழங்கலாம். 2020இல் நடைமுறையில் இருந்த அளவுகளின்படி அது நாளொன்றுக்குப் பெரியவருக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய். அந்தத் தொகையில் ஒரு நாள் முழு உணவு கிடைக்குமா என்று கேட்டால் நேர்மையான பதில், ‘இல்லை’ என்பதே. பின்னர் 2022 முதலான விதிகளில் இது நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலியோடு இணைக்கப்பட்டு, ஒரு குடும்பத்தில் இரண்டு பெரியவர்களுக்கு எனக் கணக்கிடப்பட்டது. பயனாளிகள் முகாமில் தங்கியிருக்கவில்லை என்று மாநில அரசு சான்றளிக்க வேண்டும் என்பதால், முகாமுக்குச் செல்லாத குடும்பம் தன் பாதிப்பை உள்ளூர் வருவாய்த் துறை அலுவலரிடம் உடனே பதிவு செய்துகொள்வது அவசியம்.

இவற்றுக்கு அப்பால், குடும்ப அட்டைக்குரிய தானியம் தனி உரிமையாகும். நிவாரணம் பெற்றதைக் காரணம் காட்டி அதை நிறுத்த இடமில்லை. 2020 ஏப்ரலில் தொடங்கிய பிரதமர் கரீப் கல்யாண் அன்ன யோஜனா, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைதாரர்களுக்கு, வழக்கமான ஒதுக்கீட்டுக்கு மேல், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி அல்லது கோதுமையை விலையின்றி வழங்கியது. உரிய தானியம் வழங்கப்படாவிட்டால் அதற்கு ஈடாகப் பணமாகத் தரப்படும் உணவுப் பாதுகாப்புப் படியைக் கோரலாம் என்று அச்சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறுகிறது.

நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் சார்ந்த பாகுபாட்டைப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு தடை செய்கிறது. நிவாரணப் பொருளையோ பணத்தையோ கையாடினால் 53ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. பொய்யான கோரிக்கை வைப்பவருக்கும் 52ஆம் பிரிவு அவ்வாறே பொருந்தும்.