பழைய ஆம்பிளிஃபயருக்கு முதல் கரண்ட் சீரிஸ் பல்பு வழியாகத்தான்

பரணில் பல வருடம் கிடந்த 1970, 80களின் டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயரைத் தூசி தட்டியதும் நேரே பிளக்கில் செருகிவிடாதீர்கள். நல்ல செட்டுகள் பல அந்த ஒரு நொடியில்தான் வீணாகின்றன. ஓடாமல் கிடக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குள் ஆக்சைடு படலம் மெலிந்துபோயிருக்கும். முழு வோல்ட்டேஜ் திடீரென ஏறினால் லீக்காகிச் சூடேறி உப்பும், வெடிக்கவும் செய்யும். ஃப்யூஸ் போய்விட்டது என்று அதைவிடப் பெரியதைப் போட்டால் அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மர்.

முதலில் ஸ்பீக்கரைக் கழற்றுங்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை லைனில் சீரிஸாக, அதாவது கரண்ட் அதன் வழியாகவே செட்டுக்குப் போகும்படி போட்டு ஆன் செய்யுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் ஃபில்டர் கெப்பாசிட்டர் (சப்ளையைச் சீராக்கும் பெரிய கெப்பாசிட்டர்) சார்ஜ் ஏறிவிட்டது, பெரிய ஷார்ட் இல்லை. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பல்பு செட்டைத்தான் காக்கும், உங்களை ஷாக்கிலிருந்து காக்காது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரு முனையிலும் சில நொடி வைத்து, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

ஷார்ட் என்றால் பிரிட்ஜ் டயோடு, ஃபில்டர், அவுட்புட் டிரான்சிஸ்டர் மூன்றையும் சோதியுங்கள். 2என்3055 வகை அவுட்புட் டிரான்சிஸ்டரில் மெட்டல் பாடிதான் கலெக்டர். அதற்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் இன்சுலேஷனாக உள்ள மைக்கா ஷீட் கிழிந்து பாடி ஹீட் சிங்கைத் தொட்டாலும் ஷார்ட்தான் காட்டும், அதனால் டிரான்சிஸ்டரைக் கழற்றி அளந்தால்தான் உண்மை தெரியும். அவுட்புட் போயிருந்தால் டிரைவரையும் (அவுட்புட்டை இயக்கும் முந்தைய டிரான்சிஸ்டர்) எமிட்டர் ரெசிஸ்டரையும் பார்க்காமல் புதியதைப் போடக் கூடாது. போட்டதும் அதுவும் போகும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 2என்3055-இல் போலி நிறைய. உள்ளே சிப் சிறியது, லோடு தாங்காது.

பிளஸ், மைனஸ் சப்ளை உள்ள செட்டில் ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி அளவு 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது, வாய்ஸ் காயில் கருகிவிடும். சிங்கிள் சப்ளை செட்டில் அவுட்புட் கெப்பாசிட்டருக்கு முந்தைய புள்ளியில் சப்ளையில் ஏறக்குறைய பாதி வர வேண்டும்.

ஹம் வருகிறதா? வால்யூமை முழுக்கக் குறைத்தும் அப்படியே இருந்தால் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். வால்யூமோடு சேர்ந்து கூடினால் இன்புட் ஷீல்டு, எர்த் பக்கம் தேடுங்கள்.

வால்யூம் திருப்பும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனரில் போய்விடும். சுத்தம் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால் கன்ட்ரோலை மட்டும் குறை சொல்லாதீர்கள். டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விட வேண்டிய கப்ளிங் கெப்பாசிட்டர் லீக்காகி டிசியை அனுப்பிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அதை மாற்றுங்கள்.

பயாஸை (பாட்டு ஓடாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்டை) மட்டும் பல்பை எடுத்துவிட்டு, செட் 20 நிமிடம் சூடான பிறகு சரிசெய்யுங்கள். 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் 10 மில்லிவோல்ட் என்றால் சுமார் 30 மில்லிஆம்பியர். சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பயாஸைத் திருகி வைக்கும் சிறு கன்ட்ரோல்தான் பிரீசெட். பழைய பிரீசெட்டின் நடுக்கால் தொடர்பு விட்டால் சில சர்க்யூட்டில் பயாஸ் எகிறி அவுட்புட் மொத்தமும் போகும். அதனால் திருகுவதற்கு முன்பே புதிய பிரீசெட் போட்டுவிடுங்கள்.