எத்தனை துணி மக்களே போட்டிருக்க?

ஜூன்ல ஸ்கூல் தொறந்து ரெண்டு மூணு வாரம் ஆனா போதும், என் கிளினிக் பெஞ்சுல யூனிஃபார்மோட பொம்பளப் பிள்ளைங்க வரிசையா உக்காந்திருப்பாங்க, பக்கத்துல அம்மா, சில நேரம் பாட்டி. கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்துல தோல் டாக்டரா பதினாலு வருஷமா இருக்கேன். இவங்க கொண்டு வர்ற பிரச்சனை ஏறக்குறைய ஒண்ணுதான், இடுப்புல நாடா கட்டுற இடம், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ, அக்குள், அங்க வட்ட வட்டமா படர்தாமரை, ஓரம் சிவந்து தடிச்சு, ராத்திரி தூங்கவே விடாத அரிப்பு.

போன வருஷம் வந்த ஒரு பிள்ளைய பத்தி சொல்றேன், யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்த மாத்தியிருக்கேன். பிளஸ் ஒன் படிக்கிறா, அம்மாவுக்கு அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரிப்பருப்பு ஃபேக்டரில வேலை. "டாக்டரே, எனக்க மோளுக்கு மூணு மாசமா சொறி, மெடிக்கல்ல டியூப் வாங்கி தேய்ச்சா நாலு நாளு நிக்கும், பொறவு ரெண்டு மடங்கா வரும்"னு அந்த அம்மா சொன்னாங்க. பாக்கணுமேன்னு ஸ்கிரீனுக்குப் பின்னாடி கூட்டிட்டு போனேன். அவ ஒவ்வொண்ணா கழட்ட கழட்ட எனக்கு மூச்சு முட்டுச்சு. "எத்தனை துணி மக்களே போட்டிருக்க?"ன்னு கேட்டேன், எங்க ஊர்ல பிள்ளைங்கள மக்களேன்னுதான் கூப்பிடுவோம். விரல் விட்டு எண்ணி சொன்னா. பிரா, அது மேல ஷிம்மீஸ், அது மேல டாப்ஸ், அது மேல ஓவர்கோட். கீழ ஜட்டி, அது மேல டைட்டா ஒரு ஷார்ட்ஸ், அது மேல சுடிதார் பேண்ட். ஏழு. ஷூ சாக்ஸ் கணக்குல வரல.

ஷார்ட்ஸ் எதுக்குன்னு கேட்டதுக்கு, காத்துல டாப்ஸ் விலகினா ஷேப் தெரியுதுன்னு ஒரு டீச்சர் சொன்னாங்களாம், அதுக்கப்புறம் கிளாஸ்ல எல்லாரும் போட ஆரம்பிச்சுட்டாங்களாம். ஷிம்மீஸ் ஸ்கூல் ரூல், டைரிலயே அச்சடிச்சிருக்கு. அசெம்பிளி முடிஞ்சதும் பொண்ணுங்கள மட்டும் நிப்பாட்டி, பின் கழுத்துல விரல விட்டு டாப்ஸ கொஞ்சம் இழுத்து ஷிம்மீஸ் இருக்கான்னு பாப்பாங்களாம், பசங்க அந்த வழியாதான் கிளாஸுக்கு போவாங்களாம். அரிக்குதுன்னு சொல்லலியா மக்களேன்னா, "சொன்னேன் டாக்டர், மத்த பிள்ளைக எல்லாம் போடல்லியா, உனக்கு மட்டும் என்னன்னு கேட்டாங்க"ன்னு தலைய குனிஞ்சுகிட்டா.

மத்த பிள்ளைகளுக்கும் இருக்கு, அதுல பாதி பேர் என்கிட்ட வர்றாங்க, அது அந்த டீச்சருக்கு தெரியாது.

இதுல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லிடுறேன், ஏன்னா நிறைய அம்மாமார் இத சுத்தமில்லாததால வர்ற வியாதின்னு நினைச்சு பிள்ளைய திட்டிக்கிட்டு இருக்காங்க. படர்தாமரை ஒரு பூஞ்சை. அதுக்கு வேண்டியது சூடு, ஈரம், காத்து போகாத இடம், அவ்வளவுதான். நம்ம மாவட்டத்துக்கு ஜூன்ல தொடங்குற இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் முழுசா துணி காயுற நாள விரல் விட்டு எண்ணிடலாம். யூனிஃபார்ம் துணில பாலியஸ்டர் கலந்திருக்கும், அது வேர்வைய உறிஞ்சாது. காலைல ஏழரைக்கு பஸ்ஸுல நெருக்கியடிச்சு, பாதி நனைஞ்சு, அதே ஏழு துணியோட சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் ஒரே பெஞ்சுல உக்காந்தா பூஞ்சைக்கு விரிச்சு வச்ச பாய் மாதிரி ஆயிடும் அந்த உடம்பு. ராத்திரி துவைச்சு, காலைல ஈரம் போகாமலே அயர்ன் பண்ணி மறுபடி அதையே போட்டா சொல்லவே வேண்டாம்.

மெடிக்கல்ல குடுக்குற டியூப் விஷயத்த இங்கயே சொல்லணும். அதுல நிறைய ஸ்டீராய்டு கலந்தது. தேய்ச்ச ரெண்டாம் நாள் அரிப்பு நிக்கும், சிவப்பு மங்கும், பூஞ்சை மட்டும் அப்படியே உள்ள இருந்து பரவும். மாசக்கணக்குல தேய்ச்சா தோல் மெலிஞ்சு, தொடை இடுக்குல பிரசவமான பொம்பளைங்களுக்கு வயித்துல வர்ற மாதிரி கோடு கோடா விழுந்துடும், அது திரும்ப மறையாது. பதினாறு வயசு பிள்ளைக்கு அந்த கோட காட்டி இது இனிமே இப்படித்தான் இருக்கும் மக்களேன்னு சொல்றது எனக்கு பழகவே இல்ல. வீரியமான ஸ்டீராய்டு கிரீம் எல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு 2018-லயே மத்திய அரசு உத்தரவு போட்டாச்சு, ஆனாலும் கேட்டா குடுத்துடுறாங்க. தயவுசெஞ்சு கேக்காதீங்க. சரியான மாத்திரையும் கிரீமும் பல வாரம் தொடர்ந்து எடுக்கணும், வெளிய தெரியாம போனதுக்கு அப்புறமும் டாக்டர் நிப்பாட்ட சொல்ற வரைக்கும் எடுக்கணும்.

அடுத்து முடி. காலைல தலைக்கு குளிச்சு, எண்ணெய் வச்சு, ஈரத்தோடவே ரெட்டை சடை பின்னி, மடக்கி ரிப்பன் கட்டி அனுப்புறோம். நெத்தி ஓரத்துல முடி ஏறிக்கிட்டே போகுது, சின்ன சின்ன கொப்புளம் வருதுன்னு பத்தாம் கிளாஸ் பிள்ளைங்க வர்றாங்க, அது இறுக்கி இழுத்து பின்னறதால வேர்ல விழுற பாரம். ஆரம்பத்துலயே தளர்த்தி விட்டா முடி திரும்ப வந்துடும், வருஷக்கணக்குல இழுத்தா அந்த இடத்துல முடியே வராம போக வாய்ப்பு உண்டு. ஒத்தை சடையா தளர பின்னி விட்டா ஒரு ஒழுக்கமும் கெட்டுப்போகாது. பேன் பரவுதுன்னு ஸ்கூல்ல காரணம் சொல்றாங்க, முடிய அடக்கி கட்டணும்ங்கறது சரிதான், அதுக்கு ஒத்தை சடை போதும்.

என் மனசுல ரொம்ப நாளா கெடக்குறது வேற ஒரு பிள்ளை, கடற்கரை கிராமம், அப்பா விசைப்படகுல ஆழ்கடலுக்கு போறவர். ஒன்பதாம் கிளாஸ்ல திடீர்னு வளந்துட்டா, அந்த வயசுல வளரத்தானே செய்வாங்க. டாப்ஸ் முட்டிக்கு மேல ஏறிடுச்சு, மார்பு கிட்ட டைட்டாயிடுச்சு. ஸ்கேல் வச்சு அளந்து, இந்த டிரெஸ்ஸோட வராதன்னு ரெண்டு தடவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வருஷத்து நடுவுல புது செட் எடுத்து தைக்க அப்பா கடல்ல இருந்து வரணும். இந்த பிள்ளை என்ன பண்ணிச்சுன்னா ராத்திரி சாப்பாட்ட நிப்பாட்டிடுச்சு. மெலிஞ்சா டாப்ஸ் லூசாகும்னு. கூனிப் போய் நடந்து வந்தா, முடி கொத்து கொத்தா கொட்டுதுன்னுதான் என்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க, ரத்தம் பாத்தா ஹீமோகுளோபின் ரொம்ப குறைவு. எப்ப இருந்து சாப்பிடலன்னு நான் கேட்கவும் அந்த அம்மாவுக்கே அப்பதான் விஷயம் தெரிஞ்சு, அங்கயே உக்காந்து அழுதாங்க.

அதே கிளாஸ்ல பசங்களும் வளர்றாங்க, பேண்ட் கணுக்காலுக்கு மேல ஏறி நிக்கும், சட்டை பட்டன் தெறிக்கும். வளந்துட்டான் பயன்னு சிரிப்பாங்க.

எங்க ஊர் பிள்ளைங்க ஸ்கூல்ல தோள்சீலைப் போராட்டத்த படிக்கிறாங்க. கல்குளம், இரணியல்னு நாம தினமும் பஸ்ல கடந்து போற இடத்துல எல்லாம், மேல துணி போட்டதுக்காக நாடார் பொம்பளைங்கள அடிச்சு, துணிய கிழிச்சு விட்ட மண்ணு இது. பல வருஷ போராட்டத்துக்கு பொறவு 1859 ஜூலை 26 அன்னைக்கு திருவிதாங்கூர் ராஜா அறிவிப்பு போட்டார், அதுலயும் நாடார் பொண்ணுங்க மேல்துணி போட்டுக்கலாம், ஆனா மேல்சாதி பொண்ணுங்க போடுற மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு வரி உண்டு. எங்க பாட்டி இத சொல்லும்போதெல்லாம் குரல் மாறிடும். அன்னைக்கு மூடாதன்னாங்க, இன்னைக்கு இன்னும் ஒண்ணு போட்டு மூடுன்னு சொல்றாங்க, ரெண்டு தடவையும் அந்த உடம்புக்கு சொந்தக்காரிய யாரும் கேக்கல. பாட்டி காலத்து கதைன்னு பரீட்சைக்கு எழுதிட்டு விட்டுடுறோம், மறுநாள் அசெம்பிளில கழுத்துக்குள்ள விரல விடுறோம்.

பாதுகாப்புக்காகத்தானேன்னு கேக்குறாங்க. அந்த பயம் பொய்னு நான் சொல்லல, எனக்கும் பொண்ணு இருக்கா. 2012 டிசம்பர்ல டெல்லில ஓடுற பஸ்ல ஒரு பொண்ணுக்கு அந்த கொடூரம் நடந்தப்ப, அடுத்த மாசமே புதுச்சேரி அரசு ஸ்கூல் பொண்ணுங்களுக்கு ஓவர்கோட்டும் தனி பஸ்ஸும்னு அறிவிச்சுது, அவ்வளவு எதிர்ப்பு வந்துச்சு. குத்தம் பண்ணுனவன விட்டுட்டு பிள்ளைக்கு இன்னொரு துணிய மாட்டுற பழக்கம் நமக்கு எங்க இருந்து வந்துச்சோ தெரியல. போக்சோ சட்டம் அதே 2012-ல வந்துச்சு, அதுல பிள்ளை என்ன துணி போட்டிருந்தாங்கற கேள்விக்கே இடம் இல்ல. பாதுகாப்புன்னு சொல்லி பண்ற சோதனையே காயமா போறதும் உண்டு. 2022 ஜூலை 17 நீட் பரீட்சை அன்னைக்கு கேரளாவுல கொல்லம் மாவட்டம் ஆயூர்ல, பிராவுல மெட்டல் கொக்கி இருக்குன்னு கழட்ட வச்சதா பொண்ணுங்க புகார் குடுத்து, போலீஸ் கேஸ் ஆகி, அவங்களுக்கு செப்டம்பர் 4 மறுபடி பரீட்சை வச்சாங்க. அந்த மூணு மணி நேரத்துக்கும் மேல அந்த பிள்ளைங்க எப்படி உக்காந்து எழுதியிருக்கும்.

மாத்த முடியாதுன்னு இல்ல. எல்லை தாண்டி அந்தப் பக்கம் எறணாகுளம் மாவட்டத்துல வளையன்சிறங்கரா அரசு ஆரம்ப ஸ்கூல்ல 2018-லயே பசங்க பொண்ணுங்க எல்லாருக்கும் முட்டி வரைக்கும் ஷார்ட்ஸும் சட்டையும்னு கொண்டு வந்துட்டாங்க. 2021 டிசம்பர்ல கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசு ஸ்கூல்ல பிளஸ் ஒன் பொண்ணுங்களுக்கு பேண்ட் சட்டை. அதுக்கும் எதிர்ப்பு வந்துச்சு, என்ன மாதிரி யூனிஃபார்ம்ங்கறதுல ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம், தலைல துணி போடணும்னு நினைக்கிற பிள்ளைக்கு அதுக்கும் இடம் இருக்கணும்ங்கறது என் எண்ணம். நான் கேக்குறது இன்னும் சின்ன விஷயம்தான்.

மழை மாசத்துல ஓவர்கோட்டையும் ஷிம்மீஸையும் கட்டாயம்னு வைக்காதீங்க, வேணும்னா போடட்டும். பேண்ட் அடர் கலர்ல இருக்கட்டும், பி.டி. அன்னைக்கு வெள்ளை டிரெஸ்னு வச்சிருக்கற ஸ்கூல்கள்ல பீரியட்ஸ் வந்தா பிள்ளைங்க லீவே போட்டுடுறாங்க, கறை படுமோன்னு பயம். பாத்ரூம்ல இந்த ஏழு துணியையும் நாடாவையும் கழட்டி மாட்ட பத்து நிமிஷ இண்டர்வெல் பத்தாது, அதனால காலைல இருந்து தண்ணியே குடிக்காம இருந்து யூரின் இன்ஃபெக்‌ஷனோட எத்தனை பேர். துணில ஏதாவது சொல்லணும்னா தனியா கூப்பிட்டு, பொம்பள டீச்சரே, தொடாம, மெதுவா சொல்லுங்க. வளர்ற பிள்ளைய வீட்டுக்கு அனுப்பாதீங்க. எட்டாம் கிளாஸ் வரைக்கும் சத்துணவு சாப்பிடுற பிள்ளைங்களுக்கு அரசு வருஷத்துக்கு நாலு செட் குடுக்குது, ஒன்பதாம் கிளாஸ்ல இருந்து குடும்பம்தான் வாங்கணும், பிள்ளை வளர்றதும் சரியா அந்த நேரத்துலதான்.

அம்மாமாருக்கு, ரெண்டு செட் உள்ளாடை கூடுதலா வாங்குங்க, காட்டன். வெயில் இல்லேன்னா உள்ளாடைய முழுசா காயற வரைக்கும் அயர்ன் பண்ணுங்க. சாயந்திரம் வந்ததும் குளிச்சு, இடுக்கெல்லாம் நல்லா தொடச்சு, லூசா ஒரு பாவாடையோ நைட்டியோ போட விடுங்க. வீட்டுல எல்லாரும் ஒரே துவர்த்த, அதான் துண்ட, உபயோகிக்காதீங்க, ஒருத்தருக்கு படர்தாமரை இருந்தா வீட்டுல எல்லாரையும் டாக்டர்கிட்ட காட்டி, இருக்கறவங்க எல்லாரும் மருந்து எடுக்கணும். ஸ்கூல்ல துணிய வச்சு அவமானப்படுத்தினா பேசாம இருக்காதீங்க. 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்கள மனசு நோகப் பண்றதும் கல்வி உரிமைச் சட்டம் 17-ம் பிரிவுல தடை. 1098-க்கு எந்த வயசு பிள்ளையும் கூப்பிடலாம், 14417 நம்ம கல்வித்துறை நம்பர்.

டீச்சர்மாரையும் நான் குத்தம் சொல்லி முடிக்க விரும்பல. என்கிட்ட வர்ற டீச்சர்களுக்கும் சீலை கட்டுற இடத்துல, இடுப்புல, அதே படர்தாமரைதான். அவங்களும் மேல இருந்து ஒருத்தர் பாக்குறாரேன்னு பயந்துதான் பிள்ளைங்கள பாக்குறாங்க.

அந்த பிளஸ் ஒன் பிள்ளைக்கு மாத்திரை எழுதினதோட என் லெட்டர்பேட்ல ஒண்ணு எழுதிக் குடுத்தேன், எட்டு வாரத்துக்கு ஷிம்மீஸ், ஓவர்கோட் வேண்டாம், மருத்துவ காரணம்னு, சீல் வச்சு. ஸ்கூல்ல ஒரு வார்த்தை கேக்கலியாம், உடனே சரின்னுட்டாங்களாம். அரிக்குதுன்னு மூணு மாசமா அவ சொன்னது காதுல விழல, என் சீல் விழுந்துடுச்சு. எனக்கு அதுல சந்தோஷமே வரல.

போன வாரம் அதே ஸ்கூல்ல இருந்து நாலு பிள்ளைங்க லெட்டர் கேட்டு வந்தாங்க. மூணு பேருக்கு படர்தாமரை இருந்துச்சு. நாலாவது பிள்ளைய நல்லா பாத்தேன், தோல்ல ஒண்ணும் இல்ல. உனக்கு என்ன மக்களேன்னு கேட்டேன். "வெக்கையா இருக்கு டாக்டர்"னா. அவளுக்கும் எழுதினேன், வியாதி பேர் எதுவும் போடல, வெக்கைன்னே போட்டேன்.