ஸ்டிமுலேஷன்: தார்க்குச்சியிலிருந்து கூட்டுத் தூண்டல் வரை

லத்தீனில் ‘ஸ்டிமுலஸ்’ என்றால் மாட்டை முடுக்கும் கூர்முனைக் குச்சி. நம் வண்டிக்காரர்களின் தார்க்குச்சியேதான். அதிலிருந்து வந்த ஸ்டிமுலேஷனைத் தமிழில் ‘தூண்டல்’ என்கிறோம். நல்ல சொல். மாட்டைக் குத்துவது மட்டுமா, எண்ணெயில் அமிழ்ந்த திரியை மெல்ல நிமிண்டுவதும் தூண்டுவதுதானே.

வலிப்பு நோயில்தான் இந்தச் சொல் இடறுகிறது. நரம்பணுக்கள் கூட்டமாகக் கிளர்ந்தெழுவதே வலிப்பு; அதைப் போய்த் தூண்டுவார்களா? மின்துடிப்பு கொடுப்பது தூண்டல், அதனால் கிடைக்க வேண்டியது அடக்கம். இதனால்தான் ‘நியூரோமாடுலேஷன்’ என்ற சொல்லும் புழங்குகிறது. மாடுலேஷனுக்கு வானொலிக்காரர்கள் வைத்த ‘பண்பேற்றம்’ இங்கே ஒட்டாது. ‘நரம்புச் சீராக்கம்’ போதும். கருவி செய்வதைத் தூண்டல் என்றும், அதன் நோக்கத்தைச் சீராக்கம் என்றும் சொல்லலாம்.

தகுந்த மருந்துகள் இரண்டை முறையாகக் கொடுத்துப் பார்த்தும் நிற்காவிட்டால், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்த நிலை. இவர்களில் சிலருக்குத்தான் உடலில் பதித்து மின்துடிப்பு கொடுக்கும் கருவி. அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்றது வேகஸ் நரம்புத் தூண்டல். வேகஸ் என்றால் அலைந்து திரிவது. மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியே வயிறு வரை போகும் நரம்புக்குப் பொருத்தமான பெயர். மார்பில் தோலுக்கடியில் சிறு பெட்டி, இடது கழுத்து நரம்பில் கம்பிச்சுருள். வழக்கமாக 30 நொடி துடிப்பு, 5 நிமிடம் ஓய்வு. துடிக்கும்போது சிலருக்குப் பேச்சின் நடுவே குரல் கம்மும். வலிப்பு வருவது தெரிந்தால் பெட்டியின் மேல் காந்தத்தை ஒருமுறை நகர்த்தினால் கூடுதல் துடிப்பு கிடைக்கும்.

அப்புறம், மண்டையோட்டிலேயே பதித்து, வலிப்பு எழும் இடத்தை உளவு பார்த்து, அறிகுறி கண்டதும் துடிப்பு விடும் கருவி 2013இல் வந்தது. ‘எதிர்வினைத் தூண்டல்’ எனலாம். மூளையின் உள்ளாழத்தில் இருக்கும் தலாமஸின் முன்பகுதியில் கம்பி இறக்கும் ஆழ்மூளைத் தூண்டலுக்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது.

ஒரு கருவியால் குறைந்தும் நிற்காத வலிப்புக்கு, அதை எடுக்காமல் இன்னொன்றையும் சேர்ப்பதற்குத்தான் இப்போது தமிழ்ச் சொல் தேவை. ‘இரட்டைத் தூண்டல்’ என்றால் குழப்பம். ஆழ்மூளைத் தூண்டல் ஒன்றிலேயே மூளையின் இருபுறமும் கம்பி உண்டு. ‘கூட்டுத் தூண்டல்’ சரியாக வரும். சொல் தயாராக இருந்தாலும் சான்று இன்னும் சிறு நோயாளர் குழுக்களின் அனுபவ அளவிலேயே இருக்கிறது. இரண்டு கருவி என்றால் இரண்டு பேட்டரி. இரண்டையும் தனித்தனியே அளவு பார்த்து வைக்க வேண்டும்.