வேட்டைக் கருவி வாங்கப் போகிறீர்களா? முதலில் அந்தி வெளிச்சத்தை நினையுங்கள்

பைனாகுலர்களையும், குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் பொருத்தும் ஸ்கோப்புகளையும் பழுதுபார்ப்பது என் தொழில். உரிமம் பெற்று வேட்டைக்குப் போகிறவர்கள் வாங்கும் முன் யோசனை கேட்டும் வருவார்கள். பெரும்பாலோரின் முதல் கேள்வி, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" நான் கேட்பது, "எந்த நேரத்தில் பார்ப்பீர்கள்?"

மானும் காட்டுப்பன்றியும் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும்தான். அந்த மங்கலில் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறது என்பதற்குத்தான் பணம் கொடுக்கிறோம். இதற்கு ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது. 8×42 என்றால், 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்லென்ஸின் விட்டம் 42 மி.மீ. அதை 8ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. அகல ஒளிக்கற்றை கண்ணுக்கு வரும். 10×42இல் அது 4.2. சட்டைப்பையில் அடங்கும் 10×25இல் வெறும் 2.5, பகலில் குறையே தெரியாது, இருட்டத் தொடங்கினால் கைவிட்டுவிடும். இளைஞரின் கண்மணி இருளில் 7 மி.மீ. வரை விரியும். வயது கூடக்கூட அது 5க்கு அருகில் சுருங்கிவிடுவது இயல்பு. அதனால் அறுபதைத் தாண்டியவர் கனமான 8×56 வாங்கினால், அதன் 7 மி.மீ. ஒளிக்கற்றையில் ஒரு பகுதி அவர் கண்ணுக்குள் போகவே போகாது.

மடங்கு கூடினால் கைநடுக்கமும் அதே மடங்கு பெரிதாகும். 10க்கு மேல் போனால் டிரைபாட் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மலிவான ரகத்திலிருந்து நடுத்தர ரகத்துக்கு ஏறும்போது கொடுக்கும் பணம் வீணாகாது. எல்லா லென்ஸ் பரப்பிலும் பல அடுக்குக் கோட்டிங், உள்ளே பனி படியாதிருக்க நைட்ரஜன் நிரப்பிய உடல் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். அதற்கு மேல் விலை இரட்டிப்பானாலும் தெளிவு இரட்டிப்பாகாது. கையில் பணம் குறைவா? நேர்க்குழல் வடிவத்தை விட்டு, அகன்ற தோள் கொண்ட போரோ பிரிசம் (உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) வகையை எடுங்கள். அதே விலைக்குப் பெரும்பாலும் நல்ல காட்சி கிடைக்கும். பழுதானால் திறந்து சரிசெய்ய முடியுமா என்றும் கேளுங்கள். கீழே விழுந்து பிரிசம் விலகி, பார்த்தாலே தலைவலி தரும் மலிவுக் கருவிகள் பல என் மேசைக்கு வருகின்றன; பழுதுபார்க்கும் கூலி அவற்றின் விலையைத் தாண்டிவிடும்.

ஸ்கோப்புக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு அதைப் பிடித்திருக்கும் மவுன்டில் மிச்சம் பிடிக்கிறார்கள். "குறி தவறுகிறது, ஸ்கோப் கெட்டுவிட்டது" என்று வருபவற்றில் பலவற்றுக்குத் திருகு தளர்ந்ததே காரணம். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரின் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட தூரமும் ஒளியை நன்றாகத் திருப்பும் இலக்குக்கு உரியது. மானின் ரோமத்துக்கு அது வெகுவாகக் குறையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஸ்கோப் இருக்கிறதே என்று பைனாகுலரைத் தவிர்க்காதீர்கள். ஸ்கோப் வழியே தேடும்போது, புதருக்குப் பின்னால் அசைவது எதுவானாலும் துப்பாக்கிக் குழல் அதை நோக்கித்தான் நீண்டிருக்கும். அங்கே இருப்பது ஒரு மனிதராக இருக்கலாம். இன்னதென்று பைனாகுலரில் உறுதி செய்த பிறகுதான் துப்பாக்கியைத் தூக்க வேண்டும். மரப்பரணில் ஏறுகிறவர்கள் உடல் முழுதும் பூட்டும் பாதுகாப்பு வாரையும் பட்டியலின் தலையில் எழுதுங்கள். பைனாகுலர், வார் இரண்டுக்கும் பணம் போதவில்லையென்றால் ஸ்கோப்பின் விலையைக் குறையுங்கள்.

கடையின் விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கருவியும் பளிச்சென்றுதான் காட்டும். மாலை மங்கிய பிறகு போய், இரண்டு மூன்றை வாசலுக்கு எடுத்துவந்து, தூரத்து மரநிழலுக்குள் மாற்றி மாற்றிப் பாருங்கள். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடே பாருங்கள். கடைக்காரர் இதற்கு இசையாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.